செலீனின் வல்லாரைச் சம்பல்

தனி ஆளுக்கென்று யாரும் கீரை கட்டுவதில்லை என்பது செலீனுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதற்கு முன் அவள் கீரை வாங்காதவள் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா இருந்தாள், தம்பி றேமண்ட் இருந்தான், அவன் மனைவி, பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு கட்டு வல்லாரை அந்த வீட்டில் ஒரு நேரச் சாப்பாட்டுக்கே காணாது. பிறகு றேமண்ட் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனான். அம்மா ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, றேமண்ட் வெள்ளவத்தையில் வாங்கிப் பூட்டி வைத்திருந்த தொடர்மாடி வீட்டுக்கு, நான்காம் மாடிக்கு, செலீன் குடிவந்தாள்.

"பூட்டிக் கிடந்தா உப்புக் காத்துல எல்லாம் துருப்பிடிச்சிடும். நீங்க இருந்தா நல்லது அக்கா" என்றான் றேமண்ட்.

வீட்டுக்கு நல்லது என்றானா, அவளுக்கு நல்லது என்றானா என்று அவள் கேட்கவில்லை.

துறைமுகத்துச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவள் செலீன். எந்தக் கப்பலில் என்ன வந்தது என்று படிவங்களை நிரப்புவது அவள் வேலை. அங்கே மத்தியானத்தில் ஆறு பெண்கள் ஒரு மேசையைச் சுற்றிச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள். ஒருத்தியின் பொரியல் மற்றவளின் சோற்றில் கிடக்கும். ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளவத்தை வீட்டில், அவள் பாணும் டின் மீனும் சாப்பிடப் பழகினாள். பாத்திரம் கழுவும் இடத்திலேயே நின்றபடி சாப்பிட்டு, அப்படியே கையைக் கழுவிக்கொள்வாள். சாப்பாட்டு மேசையில் கடிதங்களும் துவைத்த துணிகளும் கிடந்தன.

போன வருடம் ஜூன் மாதம் இரத்தத்தில் சீனி ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். ஈரலிலும் கொழுப்பு. கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்ல ஹிபா என்றொரு சின்னப் பெண் இருந்தாள்.

"வீட்ல எத்தனை பேர் மிஸ்?"

"நான் மட்டும்தான்."

"அப்ப சுகம். மத்தவங்களுக்குப் புறம்பாச் சமைக்கத் தேவையில்ல தானே."

ஹிபா ஒரு தாளில் வட்டமாகத் தட்டு வரைந்தாள். பாதித் தட்டில் கீரையும் மரக்கறியும். கால் தட்டில் சிவப்பரிசிச் சோறு, அல்லது குரக்கன். மிச்சக் காலில் பயறு, கடலை, பருப்பு. இறைச்சியையும் டின் சாமான்களையும் குறைக்கச் சொன்னாள். செலீன் எதையும் பாதியில் செய்கிறவள் இல்லை. இறைச்சியோடு மீனையும் முட்டையையும் விட்டாள். குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடந்த மீனைக் கீழே செக்யூரிட்டிக்காரனிடம் கொடுத்தாள். மீன் வெந்த சட்டிகளை வெளியே போட்டுவிட்டுப் புது மண்சட்டி மூன்று வாங்கினாள்.

றேமண்டின் மகள் மிஷெல் இந்தச் செய்தி கேட்டுப் பூரித்துப் போனாள். அவளும் கனடாவில் மரக்கறிதானாம். மூன்று வாரத்தில் ஒரு பார்சல் வந்தது: சியா விதை, குயினோவா, 'சூப்பர் ஃபூட்' என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு பச்சை டின். செலீன் டின்னைத் திறந்து முகர்ந்தாள். முருங்கையிலைத் தூள். ஜன்னலுக்கு நேர் கீழே, பக்கத்து வளவில் நின்ற முருங்கை மரத்தின் சருகை ஒருவன் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். வீடியோவில் மிஷெல் கேட்டபோது, "நல்லா இருக்கு பிள்ளை, தினமும் குடிக்கிறேன்" என்றாள்.

உண்மையில் அவள் நம்பியது வல்லாரையையும் பொன்னாங்காணியையும்தான். அதில்தான் சிக்கல். சந்தைக்குப் பக்கத்தில் நடைபாதையில் கீரை விற்கும் சிங்களப் பெண்ணிடம் பாதிக் கட்டுத் தருவாளா என்று சிங்களத்தில் கேட்டுப் பார்த்தாள்.

"பே மிஸ், பாகயக் தென்ன பே" என்று அவள் கையை விரித்தாள். பாதியைத் தந்தால் மிச்சப் பாதியை யார் வாங்குவது? அவள் சொன்னது நியாயம்தான். செலீன் முழுக் கட்டையும் வாங்கிப் போவாள். பாதியைச் சமைப்பாள். மிச்சம் இரண்டாம் நாள் மஞ்சளாகி, மூன்றாம் நாள் குளிர்ப்பெட்டிக்குள் அழுகி மணக்கும். அதை வெளியே போடும்போதெல்லாம் அவளுக்கு அவமானமாக இருக்கும்.

செப்டம்பரில் ஒரு நாள், அவள் அப்படியொரு முழுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நின்றபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது.

"மிஸ், நீங்களும் தனிய தானே? பாதி பாதியா எடுப்பமோ?"

எதிர்வீட்டுக் கமலாசனி. யாழ்ப்பாணத்துக்காரி, வங்கி முகாமையாளர் ஒருவரின் விதவை, வயது அறுபத்தேழு. ஒரு மகன் லண்டன், மற்றவன் மெல்பேர்ண். லிஃப்டில் சிரித்துக்கொள்வதைத் தவிர இருவருக்கும் இடையில் அதுவரை பேச்சு இருந்ததில்லை. வரும் வழியெல்லாம் தத்தம் நோய்களைச் சொல்லிக்கொண்டு வந்து, நான்காம் மாடி நடைபாதையில் ஒரு பத்திரிகையை விரித்து, வாழைநார்க் கட்டை அவிழ்த்துப் பங்கு பிரித்தார்கள்.

"அக்கா, என்ட பக்கம் கூடிப்போச்சு. இந்தாங்க."

"வையுங்கோ. உங்களுக்குத்தானே சீனி. எனக்குப் பிரஷர் மட்டும்தான்."

பிறகு கமலாசனி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. வீட்டில மச்சம் சமைக்கிறனீங்களோ?"

மச்சம் என்றால் அவர்கள் பக்கத்தில் மீன், இறைச்சி எல்லாம்.

"இல்லக்கா. மூணு மாசமா மச்சம் வீட்டுக்குள்ள எடுக்கிறதே இல்ல. சட்டிகூடப் புதுசு."

செலீன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவளைப் பைபிளில் கைவைத்துச் சொல்லச் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செலீன் ஒரு கிண்ணம் வல்லாரைச் சம்பல் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கமலாசனி, "கிண்ணத்தைக் குடுத்துப்போட்டு ஓடாதேங்கோ, இருந்து சாப்பிட்டுப் போங்கோ" என்றாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கமலாசனியின் மேசை. சோறும் பருப்பும் ஏதாவதொரு மரக்கறியும் அவளுடையவை. கீரை செலீனுடையது.

"இதை எப்பிடிச் செய்யிறனீங்கள்? நான் செய்தா மாடு திண்ட மிச்சம் மாதிரி இருக்கு."

"பொடியா வெட்டணும் அக்கா. தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய். அவ்வளவுதான். கடைசியா நான் கொஞ்சம் தூள் போடுவேன்."

"கைராசி எண்டு சொல்லுங்கோ."

சொல்லிக்கொள்ள இருவருக்கும் பெரிய கதைகள் இல்லை. கமலாசனி மகன்மாரின் வீட்டுப் படிகளைப் பற்றிச் சொல்வாள்: லண்டன் வீட்டில் பதினாலு படி, மெல்பேர்ணில் படியே இல்லை. செலீன் கப்பல்களைப் பற்றிச் சொல்வாள். சில நாள் பேச்சு இல்லாமலே சாப்பிடுவார்கள். அப்போதும் எதிரே ஒருத்தி சோறு பிசையும் சத்தம் கேட்கும். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் வரும் நாட்களில் செலீன் நின்றபடியேதான் சாப்பிட்டாள்.

கந்தசட்டி வந்தது. கமலாசனி ஆறு நாளும் பகல் முழுவதும் பட்டினி, இரவில் பாலும் பழமும். ஏழாம் நாள் காலை விரதம் முடிக்கும் பாறணை. "உங்கட சம்பல் இல்லாமல் எனக்குப் பாறணை இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். செலீன் விடியற்காலை எழுந்து குளித்து, ஜெபம் சொல்லி, வல்லாரை அரிந்தாள். கோயிலிலிருந்து வந்த கமலாசனி, வாழையிலையில் சோற்றோடு அதைத்தான் முதலில் பிசைந்து வாயில் வைத்தாள். ஆறு நாள் பட்டினியில் சுருங்கியிருந்த முகம் மெல்ல விரிந்ததைச் செலீன் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னால் ஒருவருக்கு இவ்வளவு செய்ய முடிந்ததே என்று நினைத்தாள்.

டிசம்பர் கடைசியில் கிளினிக்கில் ஹிபா, சீனி ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கியிருக்கிறது என்று கைதட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் செலீன் போகிற இடமெல்லாம் தான் மரக்கறிக்கு மாறிய கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சந்திக் கடை மக்கீன் நானாவிடமும் சொன்னாள்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை அதே கடைக்குப் போனாள். மிளகு வாங்கினாள், பயறு வாங்கினாள்.

"நானா, மாசி இருக்கா? தூளாவே குடுங்க."

மக்கீன் நானா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"என்ன மிஸ், மரக்கறி எண்டு போன கிழமை அரைமணித்தியாலம் கதைச்சீங்க. இப்ப மீன் கேக்கிறீங்க?"

"மீன் இல்ல நானா, மாசி."

"மாசி எந்த மரத்துல காய்க்குது?" கடையில் நின்ற இன்னொருவர் சிரித்தார். நானா கருவாடுகள் தொங்கிய மூலைக்குப் போய், கறுத்த விறகுத் துண்டுபோல் ஒன்றை எடுத்துவந்து மேசையில் தட்டினார். "மாலைதீவுச் சூரை மிஸ் இது. அவிச்சு, புகையில காயவெச்சது. வாலும் தலையும் இருந்த சாமான்."

செலீன் அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த சாமான். கொட்டாஞ்சேனை வீட்டில் மாசித்தூள் போத்தல் கடுகுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் இருக்கும். சம்பலுக்கு ஒரு கரண்டி, கீரைக்கு ஒரு கரண்டி. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை நிறுத்தும் அம்மா, மாசியை நிறுத்தியதில்லை. அது சரக்கு. உப்பு மாதிரி, பெருங்காயம் மாதிரி. மீனையும் மீன் வெந்த சட்டியையும் வெளியே போட்ட நாளில், அந்தப் போத்தல் அவள் கண்ணில் படவே இல்லை.

"தரட்டா மிஸ்?"

"வேணாம்" என்று சொல்லிவிட்டு, வாங்கிய பயறையும் மிளகையும் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில், காலியாகிக் கிடந்த போத்தலை எடுத்துக் கழுவினாள். மூன்று தரம் சோப் போட்டும் மணம் போகவில்லை. நான்கு மாதம். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும். கந்தசட்டிப் பாறணை. பிறந்த நாள் தொட்டு மச்சம் தொடாத ஒருத்தியின் வாயில்.

சொல்லாமல் விடலாம். இனிப் போடாமல் இருந்தால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் அந்த மேசை போய்விடும். இந்தக் கட்டடத்தில், இந்த ஊரில், அவளை உட்காரச் சொல்கிற ஒரே மேசை அது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிக் கதவைத் திறக்காமல் இருந்தாள். கமலாசனி மல்லித் தண்ணீர் அவித்துக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்றாள்.

"தெரியாமச் செஞ்சதுல பாவம் இல்ல மகள்" என்றார் பாதர்.

"இப்பத் தெரியும் தானே பாதர். சொல்லணுமா?"

"அந்த அம்மாட விரதத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும் மகள்" என்றார். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். செலீன் பத்துச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வெறுங்கையோடு போனாள். வல்லாரை நல்லதாகக் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதே கமலாசனி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். லண்டன் மகன் வீடியோவில் இருந்தான். கமலாசனி தொலைபேசியைச் செலீனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இவதான் தம்பி செலீன். வேதக்காரர். ஆனா எங்களை விடச் சுத்த சைவம். இவட சம்பலோடதான் கந்தசட்டிப் பாறணை செய்தனான்."

"தாங்ஸ் அன்ரி" என்றான் மகன். "அம்மா தனியச் சாப்பிடுறா எண்டு எங்களுக்குப் பெரிய கவலை. நீங்கள் இருக்கிறது எவ்வளவு ஆறுதல்."

செலீன் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. படம் மறைந்தது. கமலாசனி தொலைபேசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி, "இரண்டு தட்டு எடுக்கிறன், இருங்கோ" என்றாள்.

"அக்கா, எடுக்காதீங்க. ஒண்டு சொல்லணும்." செலீன் நின்றுகொண்டே சொன்னாள். "நான் சம்பலுக்குக் கடைசியாப் போடுற தூள்... அது மாசித்தூள்."

"மாசி எண்டா?"

கமலாசனிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் வீட்டுப் படியை அது தாண்டியதே இல்லை.

"கருவாடு மாதிரி. மீன் அக்கா. எனக்கு அது மீன் எண்டு தோணவே இல்ல. சத்தியமா. எங்க வீட்ல அதச் சரக்கு மாதிரித்தான்..."

கமலாசனி தொலைபேசியை மேசையில் வைத்தாள். அது நேராக இருக்கிறதா என்று பார்த்து, விரலால் ஒதுக்கி வைத்தாள்.

"பாறணைக்கும் போட்டனீங்களோ?"

"ஓம் அக்கா."

அவள் சத்தம் போட்டிருந்தால் செலீனுக்குச் சுகமாக இருந்திருக்கும். கமலாசனி சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். திரும்பி வந்து கதவருகில் நின்று, "நீங்கள் இப்ப போங்கோ செலீன்" என்றாள்.

செலீன் தன் கதவைச் சாத்தியபோது, எதிர்வீட்டில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அடுத்த செவ்வாய் போனது, வெள்ளி போனது. லிஃப்ட் கதவு திறந்து, உள்ளே செலீன் நிற்பதைக் கண்டால், கமலாசனி எதையோ மறந்தவள்போல் திரும்பி வீட்டுக்குள் போய்விடுவாள். காலையில் எதிர்வீட்டுச் சாமியறை மணி கேட்கும். மாலையில் வானொலிச் செய்தி. செலீன் முழுக் கட்டுக் கீரை வாங்கினாள். மாசி இல்லாமல் சம்பல் போட்டாள். சாப்பிட்டாள். ஹிபா வரைந்து தந்த தட்டில் இருந்தபடி பாதி கீரை, கால் சோறு, கால் பயறு. எல்லாம் சரியாக இருந்தது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை றேமண்ட் தொலைபேசியில் எடுத்தான்.

"எப்பிடி அக்கா?"

"நல்லா இருக்கேன்."

"தண்ணி மோட்டர் வேலை செய்யுதா?"

"செய்யுது."

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, கதவு தட்டப்பட்டது. கமலாசனி ஈரத் தலையோடு, நெற்றி நிறையத் திருநீறோடு நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஐயரிட்டக் கேட்டனான். தெரியாமல் நடந்ததுக்குத் தோஷம் இல்லையாம். எண்டாலும் எனக்கு மனம் கேக்கேல்லை. மூண்டு நாள் விரதம் இருந்து முழுகினனான்."

"ஓம் அக்கா."

"உங்கட சட்டியில சமைச்சது இனி எனக்கு வேண்டாம். கோவியாதேங்கோ."

"இல்லக்கா, எனக்கு விளங்குது."

சொல்ல வந்தது முடிந்துவிட்டது என்று செலீன் நினைத்தாள். ஆனால் கமலாசனி போகவில்லை. செலீனின் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தாள். மேசைமேல் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன. பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு தட்டு, ஒரு கரண்டி.

"எல்லா நாளும் பருப்பும் சோறும்தான் சாப்பிட்டனான்" என்றாள் கமலாசனி, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. பிறகு சட்டென்று, "அங்க வந்து சமைக்கிறீங்களோ? என்ர சட்டியில, என்ர சாமானில. நான் பாத்துக்கொண்டிருப்பன்."

கமலாசனியின் சமையலறை வாசலில் ஒரு கதிரை போடப்பட்டிருந்தது. அவள் அதில் அமர்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். செலீன் கையைக் கழுவிவிட்டு வல்லாரையை அரியத் தொடங்கினாள்.

"அந்தக் கத்தி இல்லை, மற்றது."

மற்றதை எடுத்தாள். தேங்காய் துருவினாள். வெங்காயம் வெட்டினாள். போத்தல் ஒன்றைத் திறந்தாள்.

"அது என்ன?"

"உப்பு."

"காட்டுங்கோ."

போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினாள். செலீனின் முகம் சுட்டது. முப்பத்தொரு வருடம் சுங்கத்துக்காரர்களுக்குப் பெட்டிகளைத் திறந்து காட்டியிருக்கிறாள், ஒருநாளும் இப்படிச் சுட்டதில்லை. ஆனாலும் தேசிக்காயைப் பாதியாக வெட்டியபோது அவள் கைகள் நிதானமாகத்தான் இருந்தன. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, அவள் சமைப்பதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"இது?"

"தேசிக்காய் அக்கா. நீங்கதான் இப்ப எடுத்துத் தந்தீங்க."

"ஓம், ஓம். பிழியுங்கோ."

மேசையில் இரண்டு தட்டு வைத்தாள் கமலாசனி. செலீனின் தட்டில் சோறும் சம்பலும் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். செலீன் ஒரு வாய் எடுத்து வைத்து, மென்று, விழுங்கினாள்.

"நல்லா இருக்கோ?"

"இருக்கு அக்கா."

கமலாசனி தன் தட்டில் ஒரு கரண்டி சம்பல் போட்டாள். உடனே பிசையவில்லை. விரல் நுனியால் இலைகளை ஒவ்வொன்றாக விலக்கி, தேங்காய்ப்பூவுக்குள் எதையோ தேடினாள். செலீன் தலையைக் குனிந்து தன் சோற்றைப் பிசைந்தாள், அதைக் காணாதவள்போல.